வீட்டைக் காப்பாற்றிய சங்கம்

தான் குடியிருப்பது ஒரு பாரம்பரியச் சின்னம் என்பது புனிதாவுக்கு ஐம்பத்திரண்டாம் வயதில்தான் தெரிய வந்தது. அதுவரை அதை ஒழுகுகிற வீடு என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்துக்குள் இருந்தது அந்த வீடு. ரயில்வே ஆட்களுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய தொடர்வீடுகள். கை மாறிக் கை மாறி இப்போது ஒரே முதலாளியிடம் வந்து சேர்ந்திருந்தன. வாசலுக்கு முன்னால் கொஞ்சம் மண், அதைத் தாண்டினால் சாக்கடை, அதையும் தாண்டினால் அண்ணாந்து பார்க்க வேண்டிய கொண்டோமினியம். புனிதாவும் அவள் கணவர் வேலாயுதமும் கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் வாடகைக்கு இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை.

வேலாயுதம் கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் லோரி சாவியை எடுக்கப் போனார். கை வரவில்லை. ஸ்ட்ரோக் என்றார்கள். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை: "சரி". பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், வேண்டாம் என்று சொல்லவும் அதுதான். எந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்பது புனிதாவுக்கு மட்டும் விளங்கும். முன்கூடத்தில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டு அவரைப் படுக்க வைத்து, பக்கத்திலேயே தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, சேலைக் கடைகளுக்கு பிளவுஸ் தைத்துக் கொடுத்துக் காலத்தை ஓட்டினாள். வாரா வாரம் சக்கர நாற்காலியில் வைத்து பிசியோவுக்குத் தள்ளிக்கொண்டு போவாள். தரைத்தள வீடு, ஆஸ்பத்திரி பக்கம், கடைகளும் பக்கம். அந்த மூன்றில் ஒன்று போனாலும் வண்டி நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

மூன்றும் சேர்ந்து போகிற மாதிரி முதலாளி சொல்லி அனுப்பினார். தொடர்வீடுகளை இடித்துவிட்டு அங்கே ஒரு அடுக்குமாடி வரப் போகிறதாம்; வருஷக் கடைசிக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டுமாம். புனிதா வீடு தேடினாள். கிடைத்ததெல்லாம் லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியாக இருந்தது, அல்லது லிஃப்ட் இருந்தும் ஓடாத ஏழாவது மாடியாக இருந்தது. இரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் சங்கம் வந்தது.

பிரிக்பீல்ட்ஸ் இல்லத் தோட்ட மரபுச் சங்கம் ஆண்டுதோறும் செப்டம்பரில் ஒரு உலா நடத்தும். டிக்கெட் வாங்கியவர்கள் பழைய வீடுகளுக்குள் போய்ப் பார்க்கலாம், தோட்டங்களில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். சங்கத்தின் செயற்குழுவில் பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பவர் ஒருவர்கூடக் கிடையாது. குடியிருந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று விதியிலேயே எழுதி அதைத் தடுத்திருந்தார்கள்.

தலைவர் யுகேந்திரன் நேரில் வந்தார்; அரசாங்கம் கொடுத்த பட்டத்தைச் சொல்லி எல்லாரும் அவரை டத்தோ என்றார்கள். கூடவே செயலாளர் மாதவி. லண்டனில் மரபுப் பாதுகாப்பு படித்துவிட்டு வந்த பெண், கையில் எப்போதும் ஒரு டேப்லட். டத்தோ சுவரை விரலால் தட்டினார். காரை பெயர்ந்து விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததைப் புனிதா பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கும் கலங்கியது. இந்த வீட்டுக்காக அழுகிற இன்னொரு ஆள் இருக்கிறாரே என்று.

உலாவில் சேரும் வீட்டுக்குச் சங்கம் ஒரு செப்புத் தகடு கொடுக்கும் என்று மாதவி விளக்கினாள். தகடு பதித்த வீட்டில் யாரும் கை வைக்க முடியாதாம்.

"அப்ப நாங்க காலி பண்ண வேணாமா டத்தோ?"

"அம்மா, இந்த வீடு இங்கதான் நிக்கும். எந்தக் கொம்பனாலயும் அசைக்க முடியாது."

கேட்டது ஒன்று, சொன்னது வேறு என்பது அன்றைக்கு அவளுக்கு உறைக்கவில்லை. அழுதுகொண்டே கும்பிட்டாள். டத்தோ கட்டிலின் பக்கம் திரும்பி, அங்கிளுக்கும் சம்மதந்தானே என்று கேட்டார். வேலாயுதம் "சரி" என்றார். முதுகு வலிக்கிறது, புரட்டிப் படுக்க வை என்று அதற்கு அர்த்தம். மாதவி அதைச் சம்மதமாக டேப்லட்டில் பதிவு செய்துகொண்டாள்.

அடுத்த வாரமே வேலை தொடங்கியது. வீட்டை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். முன்பக்கத் தகரக் கூரையைக் கழற்றினார்கள். மழை நேராகக் கூடத்துக்குள் வந்தது. மேலே சுற்றிய காற்றாடியை இறக்கினார்கள். ஐஸ் பெட்டியைச் சாக்குப் போட்டு மூடி, அதன்மேல் ஒரு பித்தளைக் குடத்தை வைத்தார்கள். புனிதாவின் தையல் மெஷின் கரண்டில் ஓடுவது என்பதால் அதை எடுத்துப்போய்ச் சங்கத்தின் கிடங்கில் பத்திரமாகப் பூட்டினார்கள். அதற்குப் பதிலாகக் காலால் மிதிக்கிற பழைய மெஷின் ஒன்று வந்தது. பார்க்க அழகாக இருந்தது. ஊசி இறங்கவில்லை. தீபாவளிக்கு முந்தின சீசன். கடைக்காரர்கள் துணியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். புனிதா ரெண்டு நாள் கையாலேயே தைத்துப் பார்த்தாள். பிறகு துணிகளையெல்லாம் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

குளியலறைச் சுவரில் வேலாயுதம் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருந்தது. அதையும் பிடுங்கினார்கள். மூன்றாம் நாள் அவர் அங்கே வழுக்கி விழுந்தார். நெற்றியில் தையல் போட்டுக் கூட்டிவந்த புனிதா, மாதவியிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஆன்டி, தேர்ட்டீஸ்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி இருந்திருக்காது லா."

"இல்லாம எப்படி மிஸ் குளிச்சிருப்பாங்க?"

மாதவி உண்மையாகவே யோசித்தாள். "விழுந்திருப்பாங்க," என்றாள். 

பிறகு தோட்டம். வாசல் மண்ணில் புனிதா ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்திருந்தாள். பெயின்ட் டின்களில் மிளகாயும் பாண்டான் இலையும். இவையெல்லாம் தோட்டம் ஆகாது, சமையல் சாமான் என்று சங்கம் முடிவு செய்தது. சங்கத்திடம் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் தம் பங்களாவின் புல்தரையில் நாயோடு நிற்கிற படம். பங்களா வேறு ஊர். ஆனால் காலம் சரியாகப் பொருந்தியது. அந்தப் படத்தைப் பார்த்து முருங்கையை வெட்டினார்கள். லோரியில் புல் வந்தது, ரோஜாத் தொட்டிகள் வந்தன, ஒரு பீங்கான் நாய்கூட வந்தது. புல் வேர் பிடிக்கும்வரை யாரும் மிதிக்கக் கூடாது என்று பலகை நட்டார்கள். சக்கர நாற்காலி இறங்குவதற்காக லோரி நண்பர்கள் போட்டுக் கொடுத்திருந்த சிமெண்ட் சரிவை உடைத்து, அந்த இடத்திலும் புல்லைப் பரப்பினார்கள்.

அதன் பிறகு வேலாயுதம் வீட்டைவிட்டு வெளியே வர வழி இல்லாமல் போயிற்று. பின்பக்கச் சந்து ஆள் நடக்கத்தான் இடம் கொடுக்கும், நாற்காலிக்குக் கொடுக்காது. பிசியோ ஒரு வாரம் தவறியது. அடுத்த வாரமும் தவறியது.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் மோனோரயில் தூணடியில் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், விற்பவள். அவள் வீடும் அதே வரிசைதான். ஆனால் கைக்காசைப் போட்டுத் தரைக்கு ஓடு பதித்து, ஜன்னலை மாற்றி, வசதியாக வாழ்ந்துவிட்டதால் சங்கம் அதைத் தள்ளுபடி செய்திருந்தது. ஒரு மத்தியானம் மிஞ்சின சோற்றைக் கொண்டுவந்து கொடுத்தவள், வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, இவங்க ஒங்க வீட்ட காப்பாத்துறாங்களா, இல்ல ஒங்ககிட்டேருந்து வீட்ட காப்பாத்துறாங்களா?"

புனிதாவுக்குக் கோபம் வந்தது. பொறாமையில் பேசுகிறாள் என்று நினைத்தாள். அப்படி நினைத்தால்தான் அன்றைக்கு அவளால் தூங்க முடியும்.

கடைசியில் வேலாயுதத்தின் கட்டிலுக்கு வந்தார்கள். சக்கரம் வைத்த இரும்புக் கட்டில் கூடத்தின் நடுவில் கிடப்பது மரபுக்குப் பொருந்தாது, உலா முடிகிறவரை அவரை வேறு எங்காவது வைக்கலாமா என்று மாதவி கேட்டாள். வேறு எங்கும் இல்லை என்றாள் புனிதா. செயற்குழு கூடி விவாதித்தது. சமையலறை என்றார் ஒருவர். நூர்ஜஹான் வீடு என்றார் இன்னொருவர். டத்தோவுக்குத்தான் சட்டென்று அந்த யோசனை வந்தது. முப்பதாம் வருஷத்திலும் மனிதர்களுக்கு நோய் வந்திருக்குமே. ஆகவே நோயாளி இருக்கலாம், கட்டில் மட்டும்தான் கூடாது. கயிற்றுக் கட்டில் ஒன்று வந்தது. வேலாயுதத்துக்கு வெள்ளைக் கோட்டும் கால்சட்டையும் ஜரிகைத் தலைப்பாகையும் வந்தன. மலேரியாவில் படுத்திருக்கும் ரயில்வே குமாஸ்தா என்று தலைமாட்டில் மூன்று மொழியில் பலகை வைத்தார்கள். சம்மதமா என்று கேட்டதற்கு அவர் "சரி" என்றார். இந்த முறை அதன் அர்த்தம் புனிதாவுக்குமே விளங்கவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

உலா நாளன்று மந்திரிக்குப் பதிலாக வர வேண்டியவருக்குப் பதிலாக இன்னொருவர் வந்திருந்தார். டத்தோ வாசலில் நின்று பேசினார்.

"இந்தப் பிரிக்பீல்ட்ஸை நான் என் உயிரைப் போல நேசிக்கிறேன். அதனால்தான் முப்பது வருஷத்துக்கு முன்பே டமன்சாராவுக்குக் குடிபோனேன். பக்கத்திலேயே இருந்தால் அதன் அழகு தெரியாமல் போய்விடும். இங்கே வாழ்கிறவர்களுக்குத் தாங்கள் எப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறோம் என்று தெரியாது. ஒழுகுகிறது என்பார்கள், கரண்ட் போகிறது என்பார்கள். அவர்களுக்கும் சேர்த்து நாங்கள்தான் ரசிக்க வேண்டியிருக்கிறது."

எல்லாரும் கைதட்டினார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய கூட்டம் அணி அணியாக உள்ளே வந்தது. புனிதாவை அம்மியின் முன்னால் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அவள் அம்மி அரைத்து வளர்ந்தவள் அல்ல. அவள் அம்மா காலத்திலேயே வீட்டுக்கு பிளெண்டர் வந்துவிட்டது. இருந்தாலும் சொன்னபடி குழவியை முன்னும் பின்னும் தள்ளினாள். பார்வையாளர்களோடு பேசக் கூடாது என்பது உத்தரவு. ஒரு பெண்மணி குனிந்து அவள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உண்மையான கைதான் என்று தன் கணவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்.

பதினொரு மணி போல வேலாயுதம் "சரி" என்றார். பிறகு சத்தமாக இன்னொரு தடவை. அந்தச் சரி புனிதாவுக்கு நன்றாகத் தெரியும். எழுந்து ஓடினாள். அதற்குள் வெள்ளைக் கால்சட்டை நனைந்துவிட்டது. சுற்றிலும் ஆட்கள், எல்லார் கையிலும் போன். அவர் நல்ல கையால் முகத்தை மூடிக்கொள்ளப் பார்த்தார். தலைப்பாகை சரிந்து கண்ணை மறைத்தது.

புனிதா மாதவியிடம் போய், ஐந்தே நிமிஷம் கதவைச் சாத்த வேண்டும் என்றாள். மாதவி கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த அணி சாக்கடைப் பாலத்துக்கு வந்துவிட்டது, பின்னால் இன்னும் இரண்டு அணிகள் வெயிலில் நின்றன. புனிதா தன் சேலை முந்தானையை இரண்டு கையாலும் விரித்துக் கட்டிலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கையை எடுத்தால்தான் அவருக்குத் துணி மாற்ற முடியும். எடுத்தால் மறைப்பு விழுந்துவிடும். அப்படியே நின்றாள். கூட்டம் நெருங்கியது. நோயுற்ற கணவனை அந்நியர் கண்ணிலிருந்து முந்தானையால் மறைப்பது அந்தக் காலத்துப் பழக்கம் என்று டத்தோ விளக்கினார். அந்த நிமிஷம்வரை அப்படி ஒரு பழக்கம் யாருக்கும் தெரியாது. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம், எல்லாரும் போன பிறகு, அவரைத் துடைத்துச் சட்டை மாற்றும்போது புனிதா மன்னிப்புக் கேட்டாள். தகடு கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், இன்னும் ஒரே ஒரு நாள்தான் என்றாள். அவர் சரிகூடச் சொல்லவில்லை.

தகடு கிடைத்தது. அந்த வருஷத்தின் சிறந்த வாழும் மரபு இல்லம் அதுதான். தகட்டைப் பதிக்க முதலாளியே வந்தார். டத்தோவும் முதலாளியும் பழைய சிநேகிதர்கள்போலத் தோளில் கை போட்டுக்கொண்டு படம் எடுத்தார்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மற்ற வீடுகள் இடிபடும். இந்த ஒரு வீடு மட்டும் அடுக்குமாடியின் முகப்பில் காட்சியகமாக நிற்கும். அதற்கான விளம்பரம்கூடத் தயாராகிவிட்டது. அடுக்குமாடி கட்டுகிற முதலாளியின் கம்பெனிதான் சங்கத்துக்குப் புரவலர். வாடகைக்கு இருப்பவர்கள் சொன்ன தேதிக்குள் கிளம்ப வேண்டியதுதான்.

புனிதா டத்தோவின் காரை மறித்துக்கொண்டு நின்றாள். யாரும் அசைக்க முடியாது என்றீர்களே என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியை இறக்கி, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"வீட்டத்தானேம்மா சொன்னேன். வீடு நிக்குதுல்ல? நாங்க வீடு காப்பாத்துற சங்கம். ஆளுங்கள காப்பாத்துறதுக்கு வேற யாராச்சும் சங்கம் வெச்சிருப்பாங்க. வெசாரிச்சுப் பாருங்க."

புனிதா விசாரித்தும் பார்த்தாள். அப்படி ஒரு சங்கம் இல்லை.

நூர்ஜஹானின் தங்கை சல்மா நகரத்துக்கு வெளியே காப்பார் என்ற ஊரில் இருந்தாள். அவள் வீட்டுக்குப் பின்னால் சாமான் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தாள். ஜன்னலைத் திறந்தால் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம், அதற்கு மேலே மின்நிலையத்தின் புகைபோக்கிகள். நல்ல மனுஷி, ஆனால் அவள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். வலது பக்கம் வராத மனிதரை அதில் உட்கார்த்தி எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது? பிசியோ நின்றது. வேலாயுதத்தின் விரல்கள் உள்ளுக்குள் மடங்கிக்கொண்டன. புனிதா தினமும் எண்ணெய் போட்டு ஒவ்வொன்றாக விரிப்பாள், விட்டதும் மடங்கிவிடும். சேலைக் கடைகள் எட்டாத தூரமாகிவிட்டன. சங்கத்தின் கிடங்கிலிருந்து தையல் மெஷின் திரும்பி வரவே இல்லை. அதற்குள் அதுவும் பழையதாகிவிட்டதால் சேகரிப்பில் சேர்த்துவிட்டோம் என்றார்கள். வேலாயுதம் சாப்பிடுவதைக் குறைத்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். புரட்டிப் போட்டாலும் கண்ணை மூடிக்கொள்வார். நாள் முழுக்க அந்த அறையில் பேச்சுச் சத்தமே இருக்காது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். இப்படியே எத்தனை நாள் போகும், யார் முதலில் போவது, மற்றவர் என்ன செய்வது என்று புனிதா யோசிக்கத் தொடங்கியிருந்தாள். அந்த யோசனை அவளுக்குப் பயமாக இல்லை என்பதுதான் பயமாக இருந்தது.

அடுத்த ஆகஸ்டில் மாதவி போன் செய்தாள். போன வருஷத்து உலாவில் எல்லாருக்கும் பிடித்தது அந்த வீடுதானாம். ஆனால் காட்சியகம் ஆன பிறகு வீட்டில் உயிர் இல்லை என்று பார்த்தவர்கள் எழுதியிருந்தார்களாம். நாடகம் படிக்கிற பெண் ஒருத்தியை அம்மிக்கு முன்னால் உட்கார்த்திப் பார்த்தார்கள். அவள் நகப்பூச்சைக் கலைக்க மாட்டேன் என்றுவிட்டாளாம்.

"நீங்க வந்து ரெண்டே ரெண்டு நாள் வாழ்ந்துட்டுப் போனா போதும் ஆன்டி. வேன் அனுப்புறோம்."

புனிதா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவரைப் பார்த்தாள். பிறகு, அவரும் வருவார் என்றாள். மாதவி சந்தோஷப்பட்டாள், நோயாளிக்குத்தான் போன வருஷம் நிறையப் பாராட்டு.

வேனில் ஏறும்போது புனிதா எதையும் திட்டம் போட்டிருந்தாள் என்று சொல்ல முடியாது. கைக்கு வந்த துணிமணியை எடுத்துக்கொண்டாள், அவருடைய மருந்தையெல்லாம் எடுத்துக்கொண்டாள். சல்மா வீட்டு அறையைக் கூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஏறினாள்.

சந்து இப்போது சந்தாக இல்லை. நூர்ஜஹான் வீடு இருந்த இடத்தில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். பின்னால் கிரேன் நின்றது. நடுவில் அந்த வீடு மட்டும் பூசி மெழுகி நின்றது. உள்ளே போனவள் கூரையைப் பார்த்தாள். ஒழுகலை அடைத்திருந்தார்கள். ஆனால் ஒழுகின கறை அழகாக இருந்தது என்பதற்காக அதே இடத்தில் அதே கறையை வண்ணத்தால் வரைந்து வைத்திருந்தார்கள்.

வேலாயுதத்தைக் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. கூடத்தைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஜன்னல், அடுப்படிக் கதவு, காற்றாடி தொங்கிய கொக்கி. பார்த்து முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். புனிதா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். மடங்கிய விரல்கள் அவள் விரலை இறுக்கிக்கொண்டன.

வெளியே டத்தோ பேசத் தொடங்கியிருந்தார். இந்த வருஷம் நிஜமான மந்திரியே வந்திருந்தார். டிவி கேமராக்கள், வெளிநாட்டு விருந்தினர், அடுக்குமாடியில் வீடு வாங்க வந்தவர்கள் என்று கூட்டம் புல்லை மிதித்துக்கொண்டு நின்றது.

"அந்தக் காலத்துப் பெண்ணுக்கு இந்த வீடுதான் உலகம்," என்றார் டத்தோ. "வாழ வந்த வீட்டை விட்டு அவள் வெளியே போனதில்லை. யார் வந்து அழைத்தாலும் சரி, எந்த அதிகாரி வந்து மிரட்டினாலும் சரி, இந்த வாசலைத் தாண்ட மாட்டாள். அந்த உறுதிக்குத்தான் இந்தச் சங்கம் தலைவணங்குகிறது."

உள்ளே புனிதா எழுந்தாள். கதவைச் சாத்தினாள். தேக்குத் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள். சங்கம் புதிதாகச் செய்து போட்ட பழங்காலத் தாழ்ப்பாள், நல்ல கனம். அது விழுந்த சத்தம் வெளியே கேட்டது. பேச்சுக்கும் கதவு சாத்தியதற்கும் அவ்வளவு பொருத்தமாக இருந்ததால், கூட்டம் கைதட்டியது. மந்திரியும் தட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்து மாதவி ஜன்னலுக்கு வந்து மெல்லிய குரலில் கூப்பிட்டாள்.

"ஆன்டி, ப்ளீஸ் லா. கதவத் தெறங்க, மினிஸ்டர் உள்ள வரணும்."

"நான் வெளிய வரமாட்டேன் மிஸ்."

"இன்னிக்கி இல்ல ஆன்டி, நாளைக்குச் சாயங்காலம் வந்தா போதும்."

"நாளைக்கும் வரமாட்டேன். தூக்கிட்டுத்தான் போகணும்னா தூக்குங்க. மொதல்ல அவரத் தூக்குங்க. படம் எடுக்கத்தான் இவ்வளவு பேர் நிக்கிறாங்களே."

அவள் குரல் உயரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்த கையையும் எடுக்கவில்லை. போலீஸ் வந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. கதவை உடைத்தால் என்ன செய்வது என்றும் தெரியாது. திரும்பிப் போக இடம் இல்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது.

மாதவி போய் டத்தோவின் காதில் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. மந்திரி பக்கத்திலேயே நின்றார். கேமரா எதிரே நின்றது. வாசலைத் தாண்டாத பெண்ணுக்குத் தலைவணங்கி இன்னும் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. டத்தோ ஒலிபெருக்கியைத் திரும்பக் கையில் எடுத்தார். இந்த ஆண்டின் சிறப்பு அம்சம் இது என்றார். நாட்டிலேயே முதன்முறையாக, ஒரு மரபு இல்லத்துக்குள் மரபுக் குடும்பம் ஒன்று இரவு பகலாகத் தொடர்ந்து வாழ்ந்து காட்டப் போகிறது, பார்வையாளர்கள் ஜன்னல் வழியாகக் காணலாம் என்றார். எத்தனை நாளைக்கு என்று ஒரு நிருபர் கேட்டார். அதை மரபுதான் முடிவு செய்யும் என்றார் டத்தோ.

மத்தியானம் நூர்ஜஹான் தூணடியிலிருந்து நாசி லெமாக் பொட்டலங்களைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். அது பழைய பண்டமாற்று முறை என்று வழிகாட்டி கூட்டத்துக்கு எடுத்துச் சொன்னார். நூர்ஜஹான் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புனிதாவின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

இரண்டு நாளில் முடிய வேண்டிய உலா அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் முடியவில்லை. முதலாளியின் ஆட்கள் வந்து சத்தம் போட்டார்கள். புனிதா கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் வெளிநாட்டு அமைப்பு ஒன்று சங்கத்துக்கு விருது அறிவித்தது, அடுக்குமாடியில் வீடுகளும் வேகமாக விற்றன. சத்தம் போட வந்தவர்கள் பழக்கூடையோடு வந்தார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் புனிதாவும் அந்தப் பக்கம் மாதவியுமாகப் பேசி முடித்தார்கள். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அம்மி, கயிற்றுக் கட்டில், தலைப்பாகை. அதற்கு மேல் காற்றாடியும், கிடங்கிலிருந்து திருப்பிக் கொடுத்த கரண்ட் மெஷினும் போட்டுக்கொள்ளலாம். குளியலறைக் கம்பிக்கு மட்டும் செயற்குழு நீண்ட நேரம் யோசித்தது. கடைசியில் அதன்மேல் பிரம்பு சுற்றிக்கொள்ள அனுமதித்தார்கள். வாரம் ஒரு நாள் நோயாளிக்கு விடுப்பு. அன்றைக்குப் புனிதா புல்லின்மேல் பலகை போட்டு, நாற்காலியை பிசியோவுக்குத் தள்ளிக்கொண்டு போவாள்.

ஒரு சனிக்கிழமை அவள் அம்மியில் மிளகாய் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். இப்போது கொஞ்சம் அரையத் தொடங்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து அடுக்குமாடியில் வீடு பார்க்க வந்த இளம் தம்பதி நின்றார்கள். கட்டிலில் இருந்தவர் இருமினார். புனிதா எழுந்து போய் அவர் வாயில் தண்ணீரைப் புகட்டி, துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இவர்கள் நிஜமாகவே இங்கேதான் குடியிருக்கிறார்களா என்று வழிகாட்டியிடம் கேட்டாள்.

"இல்ல மேடம், நடிக்கிறாங்க," என்றார் வழிகாட்டி. "இந்த ஏரியாவுல இப்ப அப்படி யாரும் குடியிருக்கிறதில்ல."